மகனுக்கு இரண்டு, மருமகனுக்கு இரண்டு

ஜனவரி 1

கூட்டுறவு வங்கியில் டைரி கொடுத்தார்கள். கோலம் வரைந்து வைக்கலாம் என்று அம்சவேணி கை நீட்டினாள். கொடுக்கவில்லை. கட்டிய மனைவி என்றாலும் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க முடியுமா?

எழுதுவது எனக்குப் புதிதில்லை. பொள்ளாச்சி டிப்போவில் ஓட்டுநராக இருந்த காலம் முழுக்க, வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். கடைசி வரி 'பழுது'. பிரேக் ஒரு பக்கம் இழுத்தால் எழுத வேண்டும். ஹாரன் கம்மினால் எழுத வேண்டும். என் வண்டிக்குப் பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் எழுதுவேன். வால்பாறை மலைப்பாதையின் நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் முப்பது வருடத்துக்கு மேல் ஜனங்களை ஏற்றி இறக்கியவன் இந்தச் சென்னியப்பன். ஒரு பயணிக்கும் ஒரு கீறல் பட்டதில்லை. அதற்காகக் கொடுத்த பதக்கம் முன்னறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

அதில் பாதிப் பெருமை என் கன்டக்டர் ஆறுச்சாமிக்கு. அவன் ஒற்றை விசில் கொடுத்தால் வண்டி நிற்கும், இரட்டை விசில் கொடுத்தால் போகும். ஏன் என்று கேட்பதெல்லாம் நின்ற பிறகுதான். ஓய்வு பெற்ற பிறகும் அந்த விசிலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறான், லூசுப் பயல்.

பதக்கத்துக்குப் பக்கத்தில் இப்போது புதிதாக ஒரு மாத்திரைப் பாட்டிலும் நிற்கிறது. மகன் தினகரன் தீபாவளிக்கு வந்தபோது சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பி விட்டமின். லேபிளில் கொட்டை எழுத்தில் பி, பக்கத்தில் நூறு. இங்கே மருந்துக்கடையில் ஆறுச்சாமி வாங்குகிற விட்டமின் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், பொடி எழுத்தில் மூன்று என்று இருந்தது. மூன்று எங்கே, நூறு எங்கே! என் மகன் நூற்றுக்கு நூறு. தினம் காலையில் ஒன்று போடுகிறேன், நன்றாகத் தெம்பாக இருக்கிறது.

பழுது: இல்லை.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கலுக்கு மகள் சுகன்யாவும் மருமகன் விமலும் வந்தார்கள். அவர் வால்பாறையில் எஸ்டேட் அதிகாரி, இவள் அங்கேயே பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை மாப்பிள்ளை பார்த்திருக்கிறார். கிளம்பும் முன் கடைக்குப் போய், நரம்பு மாத்திரை என்று ஒரு பெரிய டப்பா வாங்கிவந்து நீட்டினார்.

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போடுங்க மாமா. எங்க மேனேஜர் இதைத்தான் போடுறாரு. மனுசன் இந்த வயசுலயும் எஸ்டேட் பூரா நடந்தே சுத்துறாரு."

கேட்காமலே மாமனாரின் காலைக் கவனிக்கிற மாப்பிள்ளை எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஆனால் அவர்கள் போன பிறகு ஒரு சிக்கல் வந்தது. மருமகன் கொடுத்தது நாளைக்கு இரண்டு, மகன் கொடுத்தது ஒன்று. தினகரனுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பான்? அவன் கடல் தாண்டிச் சுமந்துகொண்டு வந்தவன். யோசித்துப் பார்த்து, மகனுடையதையும் இரண்டாக்கிவிட்டேன். இரண்டு பேருக்கும் சரி சமம்.

"ஏனுங்க மாமா, இத்தனை மாத்திரை ஒடம்புக்கு ஆகுமுங்ளா?" என்றாள் அம்சவேணி.

"விட்டமின்தானேடி, வெசமா? எச்சானது ஒண்ணுக்குல போயிரும்" என்றேன். போகத்தான் செய்கிறது, தங்கத்தை உருக்கி ஊற்றின நிறத்தில்.

பழுது: இல்லை.

ஜனவரி 30

சுகன்யா முழுகாமல் இருக்கிறாள்! கல்யாணமாகி ஐந்து வருடம், எத்தனை கோயில், எத்தனை ஆஸ்பத்திரி. போனில் அவள் "அப்பா" என்று சொன்னதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்சவேணி அழுதாள். நானும் அழுதேன், எழுதுவதற்கு என்ன வெட்கம்?

ஆடி பிறப்பதற்குள் வளைகாப்புப் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். அப்போதே சொல்லிவிட்டேன், என் மகளை மலையிலிருந்து நான்தான் இறக்கிக்கொண்டு வருவேன் என்று. ஊரார் பெண்களை எல்லாம் பிரசவத்துக்கு இறக்கிவிட்டவன், சொந்தப் பெண்ணை வேறு எவன் கையிலாவது ஒப்படைப்பேனா?

பிப்ரவரி 21

பாதம் கொஞ்சம் மரமரவென்று இருக்கிறது. பனிக்காலம் இந்த வருடம் போக மாட்டேன் என்கிறது.

பழுது: இல்லை.

மார்ச் 12

சந்தைக்குப் போனோம். முருங்கைக்காய், கத்தரிக்காய், ஒரு சீப்பு ரஸ்தாளி. திரும்பி வரும்போது அம்சவேணி பின்னாலிருந்து, "நில்லுங்க, நில்லுங்க" என்று ஓடிவந்தாள். பார்த்தால் அவள் கையில் என்னுடைய ஒற்றைச் செருப்பு. மீன் கடை கிட்டவே கழன்று கிடந்ததாம்.

"கழண்டு போனதுகூடத் தெரியலீங்ளா?"

"மகள் நெனப்புல வந்துட்டேன்" என்றேன். செருப்பும் வார் தளர்ந்த பழைய செருப்பு. கடைக்காரனை ஒருநாள் கேட்க வேண்டும்.

ஆறுச்சாமி விஷயத்தைக் கேள்விப்பட்டு, சாலையில் என்னைப் பார்த்ததும் ஒற்றை விசில் அடித்து நிறுத்தி, "செருப்பு ரெண்டும் இருக்குதுங்ளாண்ணா?" என்று கேட்டான். கடைத்தெருவே சிரித்தது.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. மாரியம்மன் கோயிலில் உச்சிவேளை பூஜை. வெளிப் பிரகாரத்துக் கல் எப்படிச் சுடும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சாக்கு விரித்திருந்தார்கள், அதில் இடமில்லை. சின்னப் பையன்கள் முதல் போலீஸ்காரர் வரை எல்லாரும் ஆடிக்கொண்டும் குதித்துக்கொண்டும் ஓடினார்கள். விமலும் வந்திருந்தார், எஸ்டேட் அதிகாரி என்பதெல்லாம் கல்லுக்குத் தெரியுமா, ஒரே தாவல்.

நான் நடந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையை வீசிக்கொண்டு, மெதுவாக ஒரு முழுச் சுற்று. பூசாரியே வாயைப் பிளந்து பார்த்தார். "டிரைவர் பாதமுங்க. பூக்குழியே எறங்கலாம் போல" என்றார் யாரோ. சுகன்யா மண்டபத்து நிழலில் உட்கார்ந்து கை தட்டினாள். மருமகன் முன்னால் அப்படி நடந்தது ரொம்பத் திருப்தி. முப்பது வருடம் எஞ்சின் சூட்டில் வெந்த பாதம், கோயில் கல்லுக்கா பயப்படும்?

அம்சவேணி மட்டும் சிரிக்கவில்லை.

பழுது: இல்லை.

ஏப்ரல் 16

உள்ளங்காலில் இரண்டு கொப்புளம். அவள்தான் பார்த்துச் சொன்னாள். புதுச் செருப்பு கடித்திருக்கும்.

மே 9

தலைக்கு ஊற்றும்போது சோப்பு நுரைக்குக் கண்ணை மூடினேன், அப்படியே சாய்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டேன். குளியலறைத் தரை வழுக்குகிறது. பிளீச்சிங் போட்டுத் தேய்க்கச் சொன்னேன். நேற்றுத்தான் தேய்த்தேன் என்று அவள் சண்டைக்கு வந்தாள்.

கால் மரப்பு கணுக்கால் வரை ஏறியிருக்கிறது. வயதானால் நரம்பு தளரும், ஊட்டம் போதவில்லை என்று அர்த்தம். இன்று முதல் மகனுடையது மூன்று, மருமகனுடையது மூன்று. தினகரன் தெரிந்தவர் மூலம் இன்னும் இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறான். மூன்றும் அலமாரியில் வரிசையாக நிற்கும்போது வருகிற ஒறம்பரைச் சொந்தமெல்லாம் எங்கே வாங்கியது என்று கேட்கிறார்கள். சிங்கப்பூர் என்று சொல்லும்போது நெஞ்சு ஒரு சுற்றுப் பெருக்கிறது.

டாக்டரிடம் காட்டலாமே என்றாள் அம்சவேணி. வேலையில் இருந்தவரை ஒவ்வொரு உடல் தகுதிச் சோதனையிலும் முதல் ஆளாகத் தேறியவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

மே 26

சுகன்யா போன் செய்தாள். எஸ்டேட் ஜீப்பில் அனுப்பி வைக்கிறோம் என்று அவள் மாமியார் சொன்னாராம்.

"மாட்டேன்னு சொல்லிட்டேம்ப்பா. எங்கப்பா ஸ்டியரிங்கைப் புடிச்சாத்தான் நான் மலை எறங்குவேன். வேற யாரு ஓட்டுனாலும் வளைவுக்கு வளைவு எனக்கு வாந்தி வரும்."

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். அங்கே நிற்கிற என் பழைய காரைத் துடைத்தேன். கண்ணாடியில் என் முகம் எனக்கே பிடித்திருந்தது.

ஜூன் 14

ஆறுச்சாமியைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வெள்ளோட்டம் போய் வந்தோம். எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

பழுது:

ஜூன் 15

காரை மெக்கானிக்கிடம் விட்டேன். பிரேக்கில் கோளாறு, கழற்றிப் பார்க்கச் சொன்னேன். கழற்றிப் பார்த்துவிட்டு, ஓட்டியும் பார்த்துவிட்டு, "பிரேக் புதுசாட்டம் இருக்குதுங்ணா" என்றான். இந்தக் காலத்து மெக்கானிக்குக்கு என்ன தெரியும் என்று திட்டிவிட்டு வந்தேன். பாவம், நல்ல பையன்தான்.

ஜூன் 16

காலையில் ஆறுச்சாமி வந்தான். காபி வேண்டாம் என்றான். ஆறுச்சாமி காபி வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதேயில்லை.

"பிரேக் நல்லாத்தான் இருக்குதுங்ணா. காலுதானுங்."

அவனை வெளியே போ என்று கத்தினேன். அவன் போகவில்லை. நான் கத்தி முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதனால் நேற்று முன்தினம் நடந்ததை இப்போது எழுதுகிறேன். டிப்போத் தாளில் நான் என்றைக்கும் பொய் எழுதியதில்லை.

மலை ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது ஒன்பதாவது வளைவில் எதிரே பஸ் வந்தது. வேகத்தைக் குறைக்க பிரேக்கை மிதித்தேன். மிதித்ததாகத்தான் நினைத்தேன். வண்டி குறையவில்லை. இன்னும் அழுத்தினேன். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அப்போது பின் சீட்டிலிருந்து ஆறுச்சாமி ஒற்றை விசில் கொடுத்தான்.

மூளை யோசிக்கும் முன் கை ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டது. வண்டி மலைப் பக்கத்து மண்ணில் உரசி நின்றது. பஸ் டிரைவர் எட்டிப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனான், திட்டட்டும். நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். அது பிரேக்குக்குப் பக்கத்தில் வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது, முழு பலத்தோடு. நான் பார்க்கிறவரை அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுபக்கம் பள்ளம். பின் சீட்டில் ஆறுச்சாமி உட்கார்ந்திருந்த இடத்தில் மூன்று வாரம் கழித்து உட்கார வேண்டியவள் யார் என்று நினைத்தேன்.

பழுது: கால்.

ஜூன் 18

டாக்டர் ஷமீமா பேகம். என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். அம்சவேணி, நான் கேட்காமலேயே, அலமாரியிலிருந்த பாட்டில், டப்பா எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள்.

நிற்கச் சொன்னார், நின்றேன். கண்ணை மூடச் சொன்னார், மூடினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, நர்ஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குளியலறைத் தரையில் ஒரு குற்றமும் இல்லை. இடுக்கி மாதிரி ஒன்றைத் தட்டி அது அதிர்கிறபோதே கால் கட்டைவிரலில் வைத்து, "தெரியுதுங்களா?" என்றார். ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்று சொல்ல வாய் வந்தது. அம்சவேணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்றேன்.

சர்க்கரை இல்லை. ரத்தத்தில் மற்றதெல்லாம் சரி. அப்புறம் பாட்டில்களை எடுத்து லேபிள்களைப் படித்தார்.

"இதெல்லாம் யாரு எழுதிக் குடுத்தாங்க அய்யா?"

"யாரும் எழுதலீங். ஒண்ணு மகன் குடுத்தது, ஒண்ணு மருமகன் குடுத்தது. பாசத்துல குடுத்ததுங்."

"பாசத்துக்கு அளவு வேண்டாம். பி ஆறுக்கு வேணும்."

பொறுமையாகச் சொன்னார். இரண்டிலும் பி ஆறு என்று ஒரு விட்டமின் இருக்கிறது. உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது இரண்டு மில்லிகிராம் சுமார், அதைச் சோறும் பயறும் வாழைப்பழமுமே கொடுத்துவிடும். நான் தின்றதைக் கூட்டினால் தினம் நானூறைத் தாண்டுகிறது.

"எச்சானது ஒண்ணுக்குல போயிரும்னு சொன்னாங்களேங்?"

"பி விட்டமின்ல பலதுக்கு அது பொருந்தும். பி ஆறு அப்படி இல்லீங்க. ரொம்ப அதிகமா, மாசக்கணக்குல உள்ள போனா அது நரம்பையே கெடுக்கும். மேல்வரம்பு நாட்டுக்கு நாடு வேற வேற சொல்றாங்க. சில இடத்துல நூறு, ஐரோப்பாவுல பன்னெண்டு. கம்மியான அளவுலயே பாதிக்கப்பட்டவங்களும் இருக்காங்க. நீங்க எந்த நாட்டுக் கணக்குலயும் அடங்கல."

"கால் மரத்துப் போச்சுன்னுதானுங்க சாப்பிட்டேன்."

"சாப்பிட்டதுனாலதான் மரத்துச்சு. மரத்ததுனால இன்னும் சாப்பிட்டிருக்கீங்க."

நூற்றுக்கு நூறு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது மார்க் இல்லை, மருந்தின் எடை. கோயில் பிரகாரத்தில் கை வீசி நடந்ததும் பாதத்தின் வீரம் இல்லை, பாதம் செத்துக் கிடந்திருக்கிறது. மருமகன் கொடுத்தது இரண்டு என்பதற்காக மகனுடையதையும் இரண்டாக்கினேன் என்று நான் சொன்னபோது டாக்டர் சிரிக்கவில்லை, அவருக்கு நல்ல மனசு. வெளியே வந்ததும் அம்சவேணி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். நிறுத்தினாலும் உடனே சரியாகாது, முதல் சில வாரம் இன்னும் மோசமாகத் தெரியலாம், அப்புறம் மெல்ல மெல்லத் திரும்பும், மாதக்கணக்கு ஆகும், முழுசாகத் திரும்புமா என்று இப்போதே சொல்ல முடியாது என்றார். வண்டி ஓட்டக் கூடாது.

"எப்ப வரைக்குமுங்?"

"உங்க காலே சொல்லும் அய்யா."

ஜூன் 19

காலையெல்லாம் போனைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன். தினகரனிடம் எப்படிச் சொல்வது? நீ கொடுத்த மருந்தால் எனக்கு இப்படி ஆனது என்று ஒரு பிள்ளையிடம் சொல்லலாமா? சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுதான் முதலில் முடிவு செய்தேன். பாட்டிலை அலமாரியில் அப்படியே நிறுத்தி வைத்து, தினம் போடுகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருக்கலாம். அப்போது ஒரு நினைப்பு வந்தது, சோற்றுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து அவனுக்குப் போன் போட்டேன்.

"கண்ணு, அந்த மாத்திரை நீயும் போடுறியா?"

"ஆமாப்பா, தினமும். இங்க எங்க பட்டறையில எல்லாருமே போடுவோம். நின்னே செய்யற வேலையாச்சே, அதான் சில நாள் ரெண்டா போட்டுக்குவேன்."

"கால் எப்படி இருக்குது?"

பின்னால் அவன் வேலை செய்யும் கப்பல் பட்டறையின் இரும்புச் சத்தம் கேட்டது.

"விரல் நுனி கொஞ்சம் ஊசி குத்துற மாதிரி இருக்குப்பா. பூட்ஸ் இறுக்கமோன்னு நெனச்சேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளோட்டம், ஒன்பதாவது வளைவு, காலைத் தேடிக் குனிந்து பார்த்தது, ஒன்றையும் விடவில்லை. அவன் அழுதான். "டேய், நீ குடுத்தது கெட்ட எண்ணத்துலயா? திங்கத் தெரியாம தின்னது நானு. நீ இன்னைக்கே நிறுத்து, நாளைக்கு அங்க ஒரு டாக்டரைப் பாரு" என்றேன். சரிப்பா என்றான்.

வாயை மூடிக்கொண்டு கௌரவமாக இருந்திருந்தால் என் பிள்ளை இன்னும் தின்றுகொண்டே இருந்திருப்பான். பேசியதை நினைத்தால் எனக்கு இப்போது பதக்கம் வாங்கிய நாளைவிடப் பெருமையாக இருக்கிறது. மாப்பிள்ளைக்கும் சொல்லி, அவர் மேனேஜருக்கும் சொல்லச் சொன்னேன்.

ஜூன் 28

டாக்டர் சொன்னது போலவே மோசமாகத்தான் இருக்கிறது. பஞ்சு மேல் நடப்பது போல. சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பார்த்துப் போடுகிறேன். அம்சவேணி கை கொடுக்க வந்தால் எரிச்சலாக வருகிறது, கொடுக்காமல் போனால் அதைவிட எரிச்சலாக வருகிறது. இன்று அவளை இரண்டு முறை திட்டினேன். மூன்றாம் முறை திட்டும் முன் அவள் எழுந்து போய்ப் பணியாரம் சுட்டுக் கொண்டுவந்தாள். தின்றேன்.

சுகன்யாவிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை. நானே நேரில் சொல்ல வேண்டும் என்று எல்லார் வாயையும் கட்டியிருக்கிறேன்.

ஜூலை 3

நானும் அம்சவேணியும் பஸ்ஸில் மலை ஏறினோம். இந்தப் பாதையில் நான் பயணியாக டிக்கெட் வாங்கியது இதுதான் முதல் தடவை. கிளம்பும்போது ஸ்டாண்டுக்கு ஆறுச்சாமி வந்து தன் விசிலை என் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போனான். ஏனடா என்றேன். "இருக்கட்டுமுங்ணா" என்றான்.

சுகன்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, எனக்குப் பின்னால் காரைத் தேடினாள். "கார் எங்கேப்பா?"

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம் ஒன்றும் வரவில்லை. "கண்ணு, அப்பனுக்குக் கால் தெரியறதில்ல சாமி. பிரேக்குன்னு நெனச்சுத் தரையை மிதிச்சுட்டேன். என்னால உன்னைய எறக்க முடியாது" என்றேன். பெற்ற மகளிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் முறை.

அவள் என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். என் சட்டைப் பையில் எட்டிப் பார்த்த விசிலை அவள்தான் எடுத்தாள்.

"இது ஆறுச்சாமி மாமாவோடதுதானே?"

"ஆமா."

"அப்ப உங்க மாப்பிள்ளை ஓட்டட்டும். நீங்க பக்கத்துல உக்காந்து விசில் குடுங்க. நீங்க நிறுத்துனா வண்டி நிக்கோணும், நீங்க சொன்னாத்தான் கெளம்போணும். சரின்னா நான் வர்றேன்."

பக்கத்தில் நின்ற விமல் சரி மாமா என்றார்.

ஜூலை 4

வளைகாப்பு முடிந்து சாப்பிட்டு மதியமே இறங்கினோம். எஸ்டேட் ஜீப்பில் கை நிறைய வளையலோடு சுகன்யாவும் அம்சவேணியும் பின்னால், மாப்பிள்ளை ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில், வாயில் விசில். மாப்பிள்ளையின் ஓட்டுதல் பற்றி எனக்கு எப்போதும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. கிளட்சில் காலை வைத்துக்கொண்டே குடித்தனம் நடத்துகிறவர். "ரெண்டாவது கியர்லயே விடுங்க, எஞ்சினே புடிச்சுக்கும்" என்றேன். கேட்டார். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் எதிர்ப்பாதையை எட்டிப் பார்த்து, காலியாக இருந்தால் இரட்டை விசில் கொடுத்தேன். சுகன்யா ஒரு தடவைகூட வாந்தி எடுக்கவில்லை.

ஒன்பதாவது வளைவுக்குச் சற்று மேலே பாறைச் சரிவில் ஏதோ அசைந்தது. ஸ்டியரிங் என் கையில் இருந்திருந்தால் நான் சாலையைத்தான் பார்த்திருப்பேன். ஒற்றை விசில் கொடுத்தேன். மாப்பிள்ளை ஏன் என்று கேட்கவில்லை, அப்படியே நிறுத்தினார். நின்ற மறு நொடி வரையாடு ஒன்று எங்கள் பானட்டுக்கு முன்னால் குதித்து, அதன் பின்னால் குட்டி ஒன்று தத்தித் தத்தி இறங்கி, சாலையைக் கடந்து போனது. குட்டி நடுச்சாலையில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தது.

"நான் பாக்கவே இல்லீங் மாமா" என்றார் விமல். உடனே திரும்பி, சுகன்யாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பார்த்தார். பார்க்கவில்லை என்று தானே ஒப்புக்கொண்டவர் மேல் எனக்கு முதல் முறையாகப் பெரிய மரியாதை வந்தது.

இரண்டு விசில் கொடுத்தேன். கிளம்பினோம்.

வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்தபோது கண்ணாடி வழியாக அலமாரியைப் பார்த்தேன். பாட்டில்கள் போய்விட்டன, பதக்கம் தனியாக இருந்தது. அது இனிமேல்தான் என்னுடையது என்று தோன்றியது. இத்தனை வருடத்தில் விபத்தில்லை. இன்றைக்கும் இல்லை.

செப்டம்பர் 13

பேத்தி. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தாயும் சேயும் நலம். விசிலை விட உரக்க அழுகிறாள்.

டிசம்பர் 31

மரப்பு கணுக்காலை விட்டுக் கீழே இறங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு தலைக்கு ஊற்றுகிறேன், சுவரைப் பிடிக்க வேண்டியதில்லை. தினகரனுக்கு ஊசி குத்துவது நின்றுவிட்டதாம். அவன் கால்களைப் பற்றித்தான் இப்போது தினமும் பேசுகிறோம். வேறு எந்த அப்பனும் மகனும் இத்தனை பேசுவார்களா தெரியாது.

இந்த முறை அவன் கொண்டுவந்தது சாக்லேட்டும் தைலமும். மாப்பிள்ளை கொண்டுவந்தது தேயிலை. இரண்டும் இரண்டு வேளை. டாக்டர் ஷமீமாவிடம் கேட்டுவிட்டேன்.

ஏப்ரல் 14

புது டைரி, பழைய கோயில். பேத்தியை முதல் முறையாக மாரியம்மன் சந்நிதிக்குத் தூக்கி வந்தோம், அம்சவேணி கையில். உச்சிவேளை. சாக்கு விரித்திருந்தார்கள், வழக்கம் போல இடமில்லை. பூசாரி என்னைப் பார்த்ததும், "வாங்க டிரைவர், போன வருசம் நடந்தீங்களே" என்று எல்லாருக்கும் காட்டினார். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. ஆறுச்சாமி, நான் திருப்பிக் கொடுத்த விசிலை வாயில் வைத்துக்கொண்டு தயாராக நின்றான்.

வேட்டியை மடித்துக் கட்டினேன். கல்லில் காலை வைத்தேன்.

"அய்யோ அம்மா!" என்று கத்திவிட்டேன். ஒரு குதி, இரண்டு குதி, பக்கத்திலிருந்த போலீஸ்காரர் காலை மிதித்துக்கொண்டு சாக்கின் மேல் போய் விழாத குறையாக நின்றேன். பிரகாரம் முழுக்கச் சிரிப்பு. பூசாரிக்கு ஏமாற்றம்.

அம்சவேணி குழந்தையோடு ஓடிவந்தாள். "என்னாச்சுங்க மாமா? என்னாச்சு?"

"சுடுதுடி!" என்றேன். "அம்சா, சுடுது! நல்லாச் சுடுது!"

அவள் அங்கேயே நின்று, கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். போன வருடம் இதே கல்லில் மகாராஜா போல நடந்தேன். இந்த வருடம் கோழி மாதிரி குதித்தேன். பெருமைப்படுகிறேன் என்றால் இதற்குத்தான்.

பழுது: இடது கால் சுண்டுவிரல் நுனி மட்டும்.